நாகமுலாம் பூசிய குழாய் பித்தளை வால்வின் அருகில் மட்டும் துருப்பிடிப்பது ஏன்?

கேள்வி: கடலோர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஊரில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் உலோகங்களின் வினைபடு வரிசையை நடத்தி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து கேள்வி கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன விடை எனக்கே நிறைவாக இல்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

"துத்தநாகம் இரும்பைவிட வினைத்திறன் மிக்கது என்றால் அதுதானே முதலில் அரிக்கப்பட வேண்டும்? சீக்கிரம் அரிக்கப்படுகிற ஒன்றைப் பூசி இரும்பை எப்படிக் காப்பாற்ற முடியும்?" என்று அவள் கேட்டாள். காற்றும் ஈரமும் படாதவாறு துத்தநாகம் இரும்பை மூடிவிடுகிறது என்று சொன்னேன். உடனே அவள், "வெள்ளீயமும் மூடத்தானே செய்கிறது? எங்கள் வீட்டு எண்ணெய் டின்னில் கீறல் விழுந்த இடம் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகிவிட்டது. துத்தநாகம் பூசிய கிணற்றடி வாளியிலும் அதே மாதிரி கீறல் இருக்கிறது, அங்கே ஒன்றும் ஆகவில்லையே" என்றாள். வகுப்பு முடியும் மணி அடித்ததால் நான் தப்பித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டிலும் இதைப் போன்ற ஒரு சிக்கல் இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஒரு பித்தளை வால்வு பொருத்தியிருக்கிறோம். மூன்றே ஆண்டுகளில் வால்வுக்குள் நுழையும் இடத்தில் குழாய் துருவேறி ஒழுகத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் அதே குழாய் இன்னும் சாம்பல் நிறம் மாறாமல் நன்றாக இருக்கிறது. தண்ணீரில் உப்பு அதிகம் என்கிறார் குழாய் வேலை செய்பவர். குழாய் முழுவதும் ஓடுவது அதே தண்ணீர்தானே?

இன்னும் ஒன்று. வினைபடு வரிசையில் அலுமினியம் துத்தநாகத்துக்கும் மேலே இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டம் பத்தாண்டு உப்புக் காற்றில் நின்றும் கெடவில்லை. அப்படியானால் இந்த வரிசை எதைத்தான் சொல்கிறது? மாணவர்களுக்குப் புரியும்படி யாராவது விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1: காரைக்குடி வாசகர்

வணக்கம் அம்மா. உலோக அரிமானம் குறித்த ஆய்வுப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்த மாணவியிடம் அவள் கேட்டது சரியான கேள்வி என்று சொல்லிவிடுங்கள். "மூடிவிடுகிறது" என்பது பாதி விடைதான். மீதிப் பாதி கீறலில் இருக்கிறது, அதை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள்.

துருவை ஒரு சிறிய மின்கலமாகப் பார்க்கப் பழக்கினால் எல்லாம் தெளிவாகிவிடும். இரும்பின் ஓரிடத்தில் அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே வேறோர் இடத்துக்குப் போய், அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனிகளை உண்டாக்குகின்றன. நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு ஒரு மணி நேரம் கவனித்தால் இது தெரியும். காற்று எளிதாக நுழையும் சொட்டின் விளிம்பு பளபளப்பாகவே இருக்கும். ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைந்து குழியாகும். இரண்டுக்கும் இடையில், இரு வகை அயனிகளும் சந்திக்கும் இடத்தில், துரு வளையமாகப் படியும். எலக்ட்ரான் ஓட உலோகத் தொடர்பும் அயனி ஓட நீர்த் தொடர்பும் வேண்டும், எலக்ட்ரான்களைப் பெற்றுக்கொள்ள ஆக்சிஜனும் வேண்டும். இவற்றில் எதை அறுத்தாலும் துரு நின்றுவிடும். உப்பு இருந்தால் நீரில் மின்சாரம் எளிதாகக் கடக்கும். எனவே உங்கள் குழாய்க்காரர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் உப்பு வேகத்தைக் கூட்டுமே தவிர, இடத்தைத் தீர்மானிப்பது வேறொன்று.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நனைந்திருக்கும்போது எது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் என்பதை வினைபடு வரிசை சொல்கிறது. அதை அளந்து சொல்வது திட்ட மின்னழுத்தம்; அது எவ்வளவு குறைவோ அவ்வளவு எளிதாக உலோகம் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். துத்தநாகத்துக்கு –0.76 வோல்ட், இரும்புக்கு –0.44, வெள்ளீயத்துக்கு –0.14, தாமிரத்துக்கு +0.34. வாளியின் கீறலில் இரும்பு வெளியே தெரிந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் கரைந்து எலக்ட்ரான்களை இரும்புக்குத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த இரும்பு கரைய வழியில்லை. கீறல் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும்வரை இந்தக் காவல் எட்டும். எண்ணெய் டின்னில் நிலைமை தலைகீழ். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது இரும்பு. அதிலும் கொடுமை என்னவென்றால், ஊசிமுனை அளவு இரும்பு கரைய, தகடு முழுவதும் பரந்த வெள்ளீயம் அதன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. மொத்த மின்னோட்டமும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. பூசாத இரும்பைவிடக் கீறிய டின் விரைவாக ஓட்டையாவது இதனால்தான். பாடநூல்கள் மின்னழுத்தத்தைச் சொல்லும் அளவுக்கு இந்தப் பரப்பளவு விகிதத்தைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம்.

துத்தநாகம் முதலில் அழியும் என்று மாணவி சொன்னதும் உண்மையே. எத்தனை ஆண்டில் அழியும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுத்த கனமான இரும்புப் பொருளில் பூச்சு சுமார் 85 மைக்ரான், அதாவது சதுர மீட்டருக்கு 610 கிராம், இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் ஒன்று படிவதால் அது மெதுவாகவே தேய்கிறது. உள்நாட்டில் ஆண்டுக்கு ஒரு மைக்ரான் அளவிலும், உப்புக் காற்று கடுமையாக வீசும் கரையோரத்தில் 4 முதல் 8 மைக்ரான் வரையிலும் போகும். இப்போது, கடையில் வாங்கும் பளபளப்பான மின்முலாம் போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூச்சு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான்தான். கடலோர வீட்டில் கேட் நன்றாக இருக்க அதன் போல்ட் மட்டும் இரண்டாம் ஆண்டிலேயே சிவந்துவிடுவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அலுமினியம் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க மிகவும் விரும்பும் உலோகம்தான். ஆனால் காற்றுப் பட்ட கணத்திலேயே சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம் அதை இறுக்கமாக மூடிவிடுகிறது. கீறினாலும் அந்த இடம் உடனே மூடிக்கொள்கிறது. துருவோ உதிரியானது, நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வது, அடியில் இருக்கும் இரும்பைக் காக்காதது. ஆகவே ஓர் உலோகத்தின் நாட்டம் வரிசையில் தெரியும். அது அரிக்கப்படும் வேகம் அதன் மேல் படியும் படலத்தைப் பொறுத்தது. படலத்தைக் கரைக்கும் காரத்தில் அலுமினியத்தைப் போட்டால் அதன் உண்மைக் குணம் குமிழ் குமிழாக வெளிப்படும்.

இனி உங்கள் குழாய். ஜி.ஐ. குழாயை அளவுக்கு வெட்டி, நுனியில் மரை போடும்போது அந்த இடத்தில் துத்தநாகம் முழுவதும் சீவி எடுக்கப்பட்டுவிடுகிறது. காவல் இழந்த அந்த நுனியைத்தான் பித்தளைக்குள் திருகுகிறோம். பித்தளையில் பெரும்பங்கு தாமிரம். காவல் இல்லாத இரும்பு, தாமிரக் கலப்பு, உப்புநீர் மூன்றும் ஒரே அங்குலத்தில் சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலம் இரவும் பகலும் ஓடுகிறது. பிரித்தானியக் கடற்படை இதையே 1763இல் கண்டது. அலாரம் என்ற போர்க்கப்பலின் மரத்தாலான அடிப்பாகத்தைக் கடற்புழு துளைக்காமல் இருக்க 1761இல் தாமிரத் தகடு போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபின் பார்த்தபோது தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன: தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் ஆணிக்கும் தாமிரத்துக்கும் இடையில் சிக்கி நின்ற இடங்கள் அவை. ஒரு காகிதத் துண்டு எலக்ட்ரானின் பாதையை அறுத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அந்தக் காகிதத்தின் வேலையை ஒரு பிளாஸ்டிக் துண்டு செய்யும். வால்வுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு சாண் நீள யு.பி.வி.சி. குழாயை இணையுங்கள், அல்லது வால்வையே பிளாஸ்டிக்காக மாற்றிவிடுங்கள். டெப்லான் நாடா சுற்றினால் போதும் என்று சொல்வார்கள். மரையின் கூர்முனை நாடாவை வெட்டிக்கொண்டு உலோகத்தைத் தொட்டுவிடுவதால் அதை நம்பியிருக்க வேண்டாம். வெந்நீர்க் குழாய்க்கு ஜி.ஐ. வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஏறத்தாழ 60 பாகைக்கு மேல், சில வகை நீரில், துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் இடையிலான உறவு தலைகீழாகிவிடும். எஃகுத் தொட்டி கொண்ட வெந்நீர்க் கலன்களுக்குள் துத்தநாகத்துக்குப் பதிலாக மெக்னீசியக் கம்பி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதில் 2: படகுப் பட்டறை

வணக்கம் டீச்சர். ஐயா சொன்னதைப் படித்தபோது எங்கள் பட்டறையில் நடந்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. இரும்புப் படகுகளின் சுக்கானிலும் அடிப்பாகத்திலும் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவோம். புரொப்பெல்லர் வெண்கலம், உடல் இரும்பு, சுற்றிலும் கடல்நீர். கட்டி இல்லாவிட்டால் புரொப்பெல்லருக்கு அருகிலுள்ள இரும்பு குழி விழுந்து போகும். ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்த தம்பி, படகுக்கு வண்ணம் அடித்த கையோடு அந்தக் கட்டிகளுக்கும் அழகாக வண்ணம் அடித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த முறை படகைக் கரையேற்றியபோது கட்டிகள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. சுக்கானின் ஓரம் கரையான் அரித்த பலகையைப் போல் இருந்தது. கட்டி கரையாமல் இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். பாதிக்கு மேல் கரைந்த கட்டியைப் பார்த்தால் எனக்கு மனநிறைவுதான், உடனே மாற்றிவிடுவேன்.

கட்டியைப் பழைய உலோகம் உருக்கி வார்த்து விற்பவர்களிடம் வாங்குவதில் ஓர் ஆபத்து உண்டு. துத்தநாகத்தில் இரும்பு 0.005 விழுக்காட்டைத் தாண்டினாலே அதன் மேல் ஒரு கெட்டியான தோல் படிந்து, வண்ணம் அடித்ததைப் போலவே அது முடங்கிவிடும். கலப்புத் துத்தநாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆறு மாதம் கழித்துப் படகில்தான் தெரியும்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி என்பதைப் பலர் அறிவர், ஆனால் அதன் முடிவை அறியமாட்டார்கள். 1824இல் அவர் காக்க முயன்றது இரும்பை அல்ல, ஐயா சொன்ன அந்தத் தாமிரத் தகடுகளைத்தான். தாமிரத்தின் பரப்பில் நூறில் ஒரு பங்களவு துத்தநாகமோ இரும்போ இருந்தாலே தாமிரம் கரைவது நின்றுவிட்டது. வேதியியல் வென்றது, கப்பல் தோற்றது: கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் தாமிரத்தின் நஞ்சுதான் கொட்டலசையும் பாசியையும் அதுவரை அண்டவிடாமல் வைத்திருந்தது. தாமிரம் கரையாமல் நின்றதும் அடிப்பாகம் முழுவதும் அவை அப்பிக்கொண்டு கப்பலின் வேகம் குறைந்துவிட்டது. உங்கள் மாணவர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள். படகின் அடியைச் சுரண்டிய கை யாருக்காவது இருக்கும்.

கடலோர ஆசிரியை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. குழாயின் மரையைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. இன்று மாலை விளக்கு வைத்துப் பார்த்தேன், ஒழுகல் தொடங்கியிருப்பது சரியாக மரையின் முதல் சுற்றில்தான். வகுப்பறையில் இதைக் கண்ணால் காட்ட ஏதேனும் வழி இருக்கிறதா? எங்கள் ஆய்வகத்தில் வசதி குறைவு.

பதில் 3: ஈயம் பூசுபவர் பேரன்

வணக்கம். என் தாத்தா தெருத்தெருவாகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். ஈயம் என்று வழக்கில் சொன்னாலும் பூசுவது வெள்ளீயம்தான். துருத்தியால் ஊதிய அடுப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, புகை எழும்போதே வெள்ளீயக் குச்சியைத் தேய்த்துப் பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புவார். மங்கிய பித்தளை கண்முன்னே நிலவைப் போல வெளுக்கும். இரும்பின் மேல் வெள்ளீயம் கீறினால் ஆபத்து என்று ஐயா எழுதியதைப் படித்ததும், பித்தளையின் மேல் அதே வெள்ளீயம் கீறினால் என்ன ஆகும் என்ற எண்ணம் வந்தது. வரிசைப்படி பார்த்தால் தாமிரத்தைவிட வெள்ளீயம்தான் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படியானால் வாளிக்குத் துத்தநாகம் எப்படியோ, பித்தளைக் குடத்துக்கு வெள்ளீயம் அப்படி அல்லவா?

காரைக்குடி வாசகர்:

அருமையாகப் பிடித்துவிட்டீர்கள் தம்பி. ஒரே வெள்ளீயம் ஓர் உலோகத்துக்குக் காவலாகவும் இன்னொன்றுக்குப் பகையாகவும் இருக்கிறது. ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்று நம் வீடுகளில் அஞ்சியது சரியானதே; சின்னக் கீறலுக்கு மின்வேதியியல் துணை நிற்கும், பெரிய பரப்பு வெளுப்பு போய்விட்டால் பூசியே ஆக வேண்டும். ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன்: காற்றுப் புகாமல் அடைத்த உணவு டப்பாவின் உட்புறத்தில், பழ அமிலங்கள் வெள்ளீயத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதன் மின்னழுத்தம் இறங்கி, இரும்பையும் அது காக்கத் தொடங்கிவிடும். டப்பாவைத் திறந்து காற்றுப்பட வைத்தால் கதை மாறும். மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆசிரியை கேட்ட சோதனைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் கடல்பாசி, நோன்பு திறக்கும்போது இனிப்புக்குக் காய்ச்சுவார்களே, அதுதான் அகர். ஒரு தம்ளர் நீரில் மூன்று கிராம் போட்டுக் காய்ச்சி, ஒரு சிட்டிகை உப்பும், சில சொட்டு பினால்ப்தலீனும், சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடு கரைசலும் சேருங்கள். பெர்ரிசயனைடை அமிலத்தோடு மட்டும் சேர்க்கக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்த மூன்று இரும்பு ஆணிகளை மூன்று தட்டுகளில் வையுங்கள்: ஒன்று வெறும் ஆணி, ஒன்று தாமிரக் கம்பி சுற்றியது, ஒன்று துத்தநாகத் தகட்டுத் துண்டு சுற்றியது. வெதுவெதுப்பாக ஆறியதும் கலவையை ஊற்றி உறையவிடுங்கள். இரும்பு கரையும் இடத்தில் நீலமும், ஹைட்ராக்சைடு உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும்.

பதில் 4: கட்டடப் பொறியாளர்

இதே மின்கலம் கூரைக்குள்ளும் இருக்கிறது என்பதால் கடலோரத்தில் வீடு வைத்திருப்போருக்காக இதை எழுதுகிறேன். நல்ல கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5க்கும் மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் அலுமினியத்தினுடையதைப் போன்ற ஒரு காப்புப் படலம் நிற்கும். உப்பின் குளோரைடு உள்ளே ஊறிக் கம்பியை அடைந்தால் அந்தப் படலம் உடைகிறது. துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளுகிறது. காரை பெயர்ந்து கம்பி தெரிவது அதனால்தான்.

பலர் செய்யும் பழுதுபார்ப்பு என்னவென்றால், பெயர்ந்த இடத்தை மட்டும் தட்டி எடுத்துப் புதுக் கலவை பூசிவிடுவது. ஓராண்டு கழித்து, பூசிய இடம் உறுதியாக இருக்க, அதன் ஓரத்தைச் சுற்றிப் புதிதாகக் காரை பெயரும். கொத்தனாரின் வேலை மோசம் என்று சண்டை வருவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் பல நேரங்களில் குற்றம் அவருடையது அல்ல. பழைய இடத்தில் கரைந்துகொண்டிருந்த கம்பி தன்னை அறியாமலேயே பக்கத்துக் கம்பிக்குத் துத்தநாகமாக இருந்து காத்து வந்தது. அதை உப்பில்லாத புதுக் கலவைக்குள் வைத்ததும் அது எலக்ட்ரானை வாங்கும் இடமாகிவிட, உப்பு ஊறிய பக்கத்துப் பகுதி கரையும் முறை வருகிறது. ஆகவே உப்பு ஊறிய கான்கிரீட் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதையும் சேர்த்துக் கம்பியின் பின்புறம் வரை வெட்டி எடுக்க வேண்டும்; முடியாத இடத்தில் பழுதின் ஓரமாகக் கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டிகளைக் கட்டிப் பூசுவதும் வழக்கத்தில் இருக்கிறது. படகுப் பட்டறை நண்பர் சுக்கானில் செய்வதை நாங்கள் கூரைக்குள் செய்கிறோம்.

கடலோர ஆசிரியை:

நேற்று மதியம் மூன்று தட்டுகளையும் வைத்துவிட்டு இன்று காலை முதல் வகுப்பில் திறந்தோம். வெறும் ஆணியில் தலையிலும் முனையிலும் நீலம், நடுவில் இளஞ்சிவப்பு. சுத்தியலால் அடிபட்ட பகுதிகள்தான் முதலில் கரைகின்றன என்பதை விளக்க வேண்டியிருந்தது. தாமிரம் சுற்றிய ஆணியில் கம்பியை ஒட்டி அடர்ந்த இளஞ்சிவப்பும், ஆணியின் மீதிப் பகுதி முழுவதும் கருநீலமும் இருந்தன. என் வீட்டுக் குழாய் இதுதான் என்று சொன்னேன். துத்தநாகம் சுற்றிய ஆணியில் நீலம் என்று ஒரு புள்ளிகூட இல்லை. தகட்டை ஒட்டி மட்டும் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. கேள்வி கேட்ட மாணவி அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "அந்த வெள்ளைதான் டீச்சர் கரைந்துபோன துத்தநாகமா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். குழாயில் பிளாஸ்டிக் துண்டு இணைக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.